ஏழு மணிச் சங்கு ஊதட்டும்



சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் நடக்கிற திங்கள் முதல் வெள்ளி வரை, படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் மாலையில் டிவி ஓடக் கூடாது. அரை மணி நேரமா, ஒரு மணி நேரமா என்று பேரம் பேச நான் வரவில்லை. பிள்ளை தூங்கப் போகும்வரை அந்தப் பெட்டி அணைந்து கிடக்க வேண்டும். இது அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் அப்பாருக்கும் அம்மிச்சிக்கும் சேர்த்துத்தான். சனி, ஞாயிறு பார்க்கட்டும், குறுக்கே நிற்க மாட்டேன்.

நேரத்துக்கு என்ன விலை என்று சிங்காநல்லூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வசந்தா மில், கமலா மில் என்று சங்குச் சத்தத்தில் கண் விழித்த ஊர் இது. பகல் ஷிப்ட், அரை நைட்டு, முழு நைட்டு என்று ஒரு நாளைத் துண்டு போட்டு விற்றுப் பிழைத்த குடும்பங்கள் நம்முடையவை. 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்ற, சங்கத்தில் நின்ற நான்கு சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்களைத் தூக்கில் போட்டார்கள். அந்தத் தலைமுறை சங்கம் கட்டி நின்றது கூலிக்காகவும் மானத்துக்காகவும். வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதற்காகவும்தான். 1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அப்படி முதலாளியிடமிருந்து மீட்ட மாலைப் பொழுதை இன்றைக்கு யார் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம்? அதைக் கேட்கத்தான் இந்த மேடை ஏறினேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமுங்க. நாலேகால் வாக்கில் பள்ளி விடுகிறது. திருச்சி ரோட்டு நெரிசலைத் தாண்டிப் பிள்ளை வீட்டுக்கு வர ஐந்து மணி. காலையில் ஆறு மணிக்கு எழுப்புகிறோம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு இருபத்து நாலு மணி நேரத்தில் 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்னது. குறைந்த அளவையே வைத்துக்கொண்டாலும் ஒன்பது மணிக்குப் பிள்ளை தூங்கியிருக்க வேண்டும். கையில் இருப்பது நாலு மணி நேரம். அதில் ஒரு மணி நேரமாவது வெளியே ஓடி விளையாட வேண்டும். கை கால் கழுவ, சோறு தின்ன ஒரு மணி நேரம். வீட்டுப்பாடம் ஒன்றரை மணி நேரம். மிஞ்சுவது அரை மணி. அந்த அரை மணி நேரத்தில்தான் ஒரு பிள்ளை பெற்றவர்களிடம் "இன்னைக்கு மிஸ் என்னை அடிச்சுட்டாங்கம்மா" என்றோ, "எனக்குக் கணக்கே புரியமாட்டேங்குதுப்பா" என்றோ சொல்ல முடியும். இதில் டிவிக்கு எந்த இடத்தை ஒதுக்குவீர்கள்? விளையாட்டிலிருந்தா, தூக்கத்திலிருந்தா, அந்தப் பேச்சிலிருந்தா? எங்கிருந்தாவது வெட்டித்தானே ஆக வேண்டும்!

"டாக்டர்களே ரெண்டு மணி நேரம் பார்க்கலாம்னு சொல்றாங்களே" என்று படித்த தம்பி ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2021இல் வழிகாட்டுதல் வகுத்தது உண்மை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் என்றார்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் உச்சவரம்பு. டிவி, செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்த கணக்கு. தூக்கம், படிப்பு, வெளி விளையாட்டு, குடும்பத்தோடு இருப்பது இவற்றில் எதையும் திரை தின்னக் கூடாது என்றும் அவர்களேதான் சொன்னார்கள். முதல் பாதியை மனப்பாடம் செய்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடலாமா? நம் ஊர்ப் பள்ளி நாளில் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த பிறகு திரைக்கு மிச்சமே இல்லை என்பதுதான் நான் போட்ட கணக்கு.

முன்பெல்லாம் டிவி இல்லையா என்பார்கள். இருந்தது. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது. ஆனால் தூர்தர்ஷன் காலத்தில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். தெருவில் யார் வீட்டில் பெட்டி இருக்கிறதோ அங்கே கூடினோம், பார்த்தோம், கலைந்தோம். அந்த இரண்டு நாளுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தோம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மெகாத் தொடர் வந்தது. 1999இல் 'சித்தி' தொடங்கியபோது, தெருவில் நடந்து போனால் ஒரு வசனம்கூட விடாமல் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே போகலாம். ஒவ்வொரு நாளும் கதையை உயிர் போகிற இடத்தில் நிறுத்தி, நாளைக்கு வா என்று கூப்பிடும் வேலை அப்போது தொடங்கியது. இன்றைக்கு ஞாயிறு தவிர ஆறு நாளும் தொடர். நம் பிள்ளை படித்துவிட்டுத் தூங்க வேண்டிய அதே ஆறரை முதல் பத்து மணிக்குத்தான் விளம்பரத்துக்கு விலை அதிகம். அந்த நேரத்தை அவர்கள் விற்கிறார்கள். அது நம் வீட்டு நேரம்.

கலைஞர் இந்தச் சிங்காநல்லூரில் குடியிருந்தவர். சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த, 1947இல் வெளிவந்த 'ராஜகுமாரி'க்கு வசனம் எழுதிய காலம் அது. அவர் முதலமைச்சராக இருந்தபோது 2006 செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. 2011இல் ஜெயலலிதா ஆட்சியில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ஏழை வீட்டிலும் பெட்டி இருக்க வேண்டும் என்று நினைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். பணக்காரன் பார்ப்பதைக் கூலிக்காரன் ஏன் பார்க்கக் கூடாது? ஆனால் பெட்டியைக் கொடுத்த எந்த அரசும் அதை எப்போது அணைப்பது என்று நமக்குச் சொல்லித் தரவில்லை. அது நம் பொறுப்பாகவே நின்றுவிட்டது.

கல்வித் தொலைக்காட்சி இருக்கிறதே என்று ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். 2019 ஆகஸ்டு 26இல் தொடங்கினார்கள். மறு வருடம் கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது செல்போன் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பற்றுக்கோடாக இருந்தது. மறுக்கவே மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' கொண்டுவந்தது. மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் தெருவுக்கு வந்து, திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். பெட்டியில் வந்த பாடம் போதுமென்றால் அந்தத் தன்னார்வலர்கள் எதற்கு? எதிரே ஒரு மனுஷி உட்கார்ந்து, "எங்கே, மறுபடி சொல்லு சாமி" என்று கேட்டால்தான் பிள்ளைக்கு ஏறுகிறது. நம் பிள்ளைக்கு அந்த மனுஷியாக நாம் இருக்க வேண்டிய மாலை நேரத்தைத்தான் தொடருக்குக் கொடுத்துவிட்டோம்.

இனி நான் பேசப்போவது தாய்மார்களைப் பற்றி. இதைக் கவனமாகத்தான் பேச வேண்டும். காலை நாலரைக்கு எழுந்து சோறாக்கி, டப்பா கட்டி, மில்லிலோ லேத் பட்டறையிலோ தையல் கம்பெனியிலோ எட்டு மணி நேரம் நின்று, வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பங்கரையில் நிற்கிற அம்மிணிக்கு, கால் நீட்டி உட்கார்கிற ஒரே நேரம் தொடர் ஓடுகிற நேரம்தான். அதையும் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறாயா என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வி என்னைச் சுடுகிறது. அவர் ஓய்வைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆண்களே, உங்களைத்தான் கேட்கிறேன். இரவுப் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். பிள்ளை தூங்கிய பிறகு ஒன்பது மணிக்கு மேல் அவர் நிம்மதியாக உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும். மனைவியின் ஓய்வுக்கு நீங்கள் வழி செய்யாமல், தொடரைப் பார்த்து அவள் பிள்ளையைக் கெடுக்கிறாள் என்று டீக்கடையில் பேசுவது அநியாயம். செய்தி என்றும் கிரிக்கெட் என்றும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ளே போய்ப் படி" என்று மகனை அதட்டுகிற அப்பனைவிட அந்தத் தாய் எந்த விதத்திலும் குற்றவாளி இல்லை.

ஒற்றை அறை, ஒன்றரை அறை வீடுகள்தான் இங்கே அதிகம். 'உள்ளே' என்று எதைச் சொல்கிறீர்கள்? டிவிக்கும் புத்தகத்துக்கும் நடுவே ஒரு சேலைத் திரைதான் தொங்குகிறது. பிள்ளை பார்க்காவிட்டாலும் காதில் விழுகிறது. 2009இல் அமெரிக்காவில் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற மருத்துவரின் குழு, நாலு வயதுக்கு உட்பட்ட முந்நூற்றுச் சொச்சம் குழந்தைகளின் உடையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி எண்ணிப் பார்த்தது. டிவி சத்தம் கேட்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கிற சொற்கள் ஏறத்தாழ 770 குறைந்தன. பெட்டி பேசினால் வீட்டார் வாய் மூடிக்கொள்கிறார்கள். அதனால்தான் பிள்ளை பார்க்கக் கூடாது என்பதோடு நான் நிற்கவில்லை; வீட்டிலேயே ஓடக் கூடாது என்கிறேன்.

செல்போன் அதைவிட மோசம் என்பவருக்கு என் பதில் சுருக்கம்: அதற்கும் இதே சட்டம்தான், அதே நேரம்தான், உங்கள் போனும் சேர்த்துத்தான்.

நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். சுமார் மூவாயிரம் பேர். கொரோனா முடிந்து பள்ளி திறந்தபோது பிள்ளைகள் புத்தகத்தில் கண் வைக்க முடியாமல் தடுமாறுவதை ஆசிரியர்கள் கண்டார்கள். ஊராட்சி முதலில் பெண்களைக் கூட்டிப் பேசியது. நாங்களே அதிகம் பார்க்கிறோம், ஊர் முழுக்க ஒன்றாக நிறுத்தலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள். 2022 ஆகஸ்டில் கோயில் மேல் வைத்த சைரன் மாலை ஏழு மணிக்கு ஊதத் தொடங்கியது. டிவியும் போனும் அணைந்தன. எட்டரைக்கு மறுபடி ஊதும். அந்த ஒன்றரை மணி நேரம் படிப்புக்கும் பேச்சுக்கும். ஒரு வீடு தனியாக அணைத்தால் பிள்ளை பக்கத்து வீட்டுச் சன்னலில் போய் நிற்கும். ஊரே அணைத்ததால் நிற்பதற்குச் சன்னல் இல்லாமல் போனது.

விவசாயக் கிராமம் ஒன்று சைரன் வாங்கி வைத்து இதைச் செய்தது. சங்குக்கு எழுந்து சங்குக்குப் படுத்த நமக்கு இது புதுப் பழக்கமா? மில் சங்கு ஊதினால் ஒரு நிமிஷம் பிந்தாமல் ஓடினோம், பிந்தினால் கூலியை வெட்டினார்கள் என்பதால். நம் பிள்ளைக்காக நாமே ஊதுகிற சங்குக்கு ஓடமாட்டோமா?

அவிழ்த்துவிட்ட அந்த மாலையில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றும் கவலைப்படுகிறார்கள். இருட்டுவதற்குள் விளையாடட்டும். பகல் வெளிச்சத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று கண்டுதான் தைவான் நாடு 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே அனுப்பச் சொன்னது. நமக்கு நொய்யல் தண்ணீர் வந்து சேரும் சிங்காநல்லூர்க் குளம் இருக்கிறது. பறவை பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். குளத்துக்குப் பக்கத்திலேயே வளர்கிற நம் பிள்ளைக்கு நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சனிக்கிழமை கூட்டிப் போங்கள். மற்ற நாளில் தெருவிலேயே கபடி ஆடட்டும். வண்டியை ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நான் வைக்கிற கோரிக்கை இதுதான். வருகிற திங்கட்கிழமை முதல், பள்ளி நாட்களில், ஆறரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை நம் தெருக்களில் டிவியும் போனும் அணைய வேண்டும். வேலைக்கான அழைப்பு, ஆஸ்பத்திரி அழைப்பு தவிர எதற்கும் விலக்கு இல்லை. ஆறரைக்குப் பிள்ளைகளை வீட்டுக்குள் அழையுங்கள். ஏழு மணிக்குச் சங்கு ஊதுகிற பொறுப்பை எந்தத் தெரு ஏற்கிறது என்று இப்போதே சொல்லுங்கள். அந்தச் சத்தம் கேட்டால் புத்தகம் திறந்திருக்க வேண்டும். மேடைக்குக் கீழே இடது பக்கம் ஒரு நோட்டு இருக்கிறது. தெருப் பெயரை எழுதி, வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்து ஆண்களுடையதாக இருக்கட்டும்.