கடல்நாயும் கறவை மாடும்: பால் சுரக்க ஆகும் செலவு

போச்சம்பள்ளியில இருந்து பேசுறேன். எங்க ஊர் சந்தையில மாடு வாங்க வர்றவங்க முதல்ல கேக்குறது, “எத்தனை லிட்டர் கறக்கும்?” அந்தப் பாலுக்கு மாட்டோட உடம்பு என்ன செலவு பண்ணுதுன்னு யாரும் கேக்குறதில்ல. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

முதல்ல கடல்நாயைப் பாருங்க. வட அட்லாண்டிக் பனிப்பாறை மேல குட்டி போடுற ஹூடட் சீல், வெறும் 4 நாள்தான் பால் கொடுக்கும். பாலில் கொழுப்பு கிட்டத்தட்ட 60 சதவீதம். பிறக்கும்போது 20 கிலோவுக்கு மேல இருக்கிற குட்டி, அந்த 4 நாளில் ஏறக்குறைய இரட்டிப்பாகிடும். யானை சீல் தாய் சுமார் 4 வாரம் எதுவும் தின்னாமலே பால் கொடுக்கும். அதுக்குள்ள உடம்பு எடையில் மூணில் ஒரு பங்குக்கு மேல கரைஞ்சுடும். ஆனா அதுக்காகவே கடலில் தின்னு கொழுப்பைச் சேர்த்து வெச்சுட்டுத்தான் கரைக்கு வருது.

நம்ம கறவை மாட்டுக்கு அந்த அளவு சேமிப்பு கிடையாது. 400 கிலோ மாடு சும்மா உயிர் வாழவே ஒரு நாளைக்குச் சுமார் 7,000 கிலோ கலோரி வேணும். ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 700 கிலோ கலோரி இருக்கு. பத்து லிட்டர் கறந்தா, இன்னொரு 7,000. அதாவது செலவு இரட்டிப்பு.

சிக்கல் எங்கே? கன்னு போட்ட 6, 8 வாரத்தில் பால் உச்சத்துக்குப் போயிடும். தீனி எடுக்கிற அளவு உச்சத்துக்கு வர 10, 12 வாரம் ஆகும். நடுவில் விழுற பள்ளத்தை மாடு தன் உடம்பைக் கரைச்சுத்தான் நிரப்புது. விலா எலும்பு தெரியும். பருவத்துக்கு வர்றது தள்ளிப்போகும். அடுத்த சினை தாமதமாகும். நிறையக் கறக்கிற மாட்டுக்குக் கீட்டோசிஸ் கூட வரலாம்.

கேழ்வரகுத் தாள் வயித்தை நிரப்பும், ஆனா அதில் எரிசக்தி குறைவு. அதனால பசுந்தீவனத்தோட, உடம்புக்கு ஒன்றரை கிலோ, பாலுக்கு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோன்னு அடர்தீவனம் கொடுங்க. தாது உப்பும் சேருங்க. ஒரேயடியா கூட்டினா வயிறு புளிச்சுப் போகும், படிப்படியா ஏத்துங்க.

பால் குறைஞ்ச பிறகு தீவனத்தைக் குறைச்சுக்கலாம். முதல் இரண்டு மாசம் மட்டும் கையை இறுக்காதீங்க. அப்போ மிச்சம் பிடிக்கிற காசு, அடுத்த ஈத்துல நஷ்டமா வந்து நிக்கும்.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.