7 வராத இடம்: கேசியோ வாட்ச்சுக்கு ஒரு ராகு கால ஃபேஸ்

வீட்ல கேசியோ எஃப்-91டபிள்யூ இருந்தா கையில எடுத்துக்கங்க. 1989-ல வந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் வாட்ச்தான்.

இதுக்குள்ள இருக்கிற போர்டை மட்டும் எடுத்துட்டு, நாமளே புரோகிராம் பண்ற போர்டு ஒண்ணை வைக்கலாம். பேரு சென்சார் வாட்ச், ஜோயி காஸ்டிலோ வடிவமைச்சது. டிஸ்ப்ளே, மூணு பட்டன், கேஸ் எல்லாம் கேசியோவோடதே. சிப்ல 256 கேபி ஃப்ளாஷ், 32 கேபி ரேம். ஃபர்ம்வேர் ஓப்பன் சோர்ஸ். ஒவ்வொரு ஃபேஸும் சி மொழியில ஒரு குட்டி புரோகிராம்.

நாமக்கல்ல லாரி ஓட்டுற எங்க பெரியப்பா இதப் பாத்துட்டு, "ஏங் கண்ணு, தேதி காட்டுறது ராகு காலம் காட்டாதா?"ன்னு கேட்டார். லோடு ஏத்தி, தார்பாய் கட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, அப்புறம் நேரம் பாத்துதான் வண்டி எடுப்பார். நம்பிக்கை பத்தின விவாதத்துக்குத் தனி எபிசோடு வேணும். இன்னிக்கு கோடு மட்டும்.

இதை எழுதச் சொன்னா பெரும்பாலானவங்க ஏழு கிழமைக்கு ஏழு கேஸ் போட்டு, ஒவ்வொண்ணுலயும் தொடக்கம், முடிவுன்னு 14 நேரத்தை டைப் பண்ணுவாங்க. எமகண்டம், குளிகையும் சேர்த்தா 42. எங்கயோ ஒரு எண் தப்பா விழுந்தா கண்ணுக்கே தெரியாது.

ஆனா தினசரி காலண்டர்ல அச்சடிக்கிற நேரத்துக்குப் பின்னாடி ஒரே விதிதான் இருக்கு. காலை 6 முதல் மாலை 6 வரை எட்டுப் பங்கு, பங்குக்கு 90 நிமிஷம். எந்தக் கிழமைக்கு எத்தனையாவது பங்குங்கிறது மட்டும்தான் மாறும். ஞாயிறுல இருந்து ராகு காலத்துக்கு 8, 2, 7, 5, 6, 4, 3. திங்கள் 2-ஆவது பங்கு, அதாவது 7:30. சனி 3-ஆவது, 9 மணி. எமகண்டத்துக்கு 5, 4, 3, 2, 1, 7, 6. குளிகைக்கு 7-ல இருந்து 1 வரை இறங்கு வரிசை. மொத்தம் 21 பைட், மூணுக்கும் ஒரே ஃபங்ஷன்.

இங்க நம்மாளுங்களுக்குக் கை அரிக்கும். எமகண்டம் ஒவ்வொண்ணா இறங்குதே, டேபிள் எதுக்கு? கிழமை எண்ணை 4-ல கழிச்சு, 7-ஆல வகுத்த மீதியோட 1 கூட்டினா போச்சு! பேப்பர்ல சரி. சி-யில மைனஸ் 1-ஐ 7-ஆல வகுத்தா மீதி 6 இல்ல, மைனஸ் 1. அதனால ஞாயிறு முதல் வியாழன் வரை சரியா ஓடும்; வெள்ளிக்கிழமை எமகண்டம் விடிகாலை 4:30-ன்னு காட்டும், சனிக்கிழமை 3 மணின்னு காட்டும். வாரநாள்ல மட்டும் டெஸ்ட் பண்றவங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நிம்மதி. வரி குறைஞ்சா கோடு எளிமையாயிடுச்சுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். காலண்டரைப் பக்கத்துல வெச்சு யார் வேணா சரிபாக்க முடியணும். அதுக்கு டேபிள்தான் லாயக்கு.

அடுத்த ஆசை, நிஜ சூரிய உதயம். சேலம் கிட்டத்தட்ட 78.15 டிகிரி தீர்க்கரேகைல இருக்கு, இந்திய நேரம் கணக்கு வெக்கிறது 82.5 டிகிரிக்கு. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். அதனால இங்க சூரியன் உச்சிக்கு வர்றது சராசரியா 12:17-க்கு. அப்போ 6 மணின்னு வெக்கிறது தப்புதானே? உதயத்தைக் கணக்குப் போட சைன், கொசைன் வேணும். இந்தச் சிப்ல தசமக் கணக்குக்குத் தனி ஹார்டுவேர் கிடையாது, எல்லாத்தையும் சாஃப்ட்வேர்லயே இழுக்கணும். அதைக்கூட நாளுக்கு ஒரு தடவை செஞ்சா பேட்டரி தாங்கும். சிக்கல் வேற. நாமக்கல் லாரி நாளைக்கு குவாஹாட்டில நிக்கும். அங்க உதயம் ரொம்ப சீக்கிரம். எந்த ஊர் உதயத்தை எடுக்குறது? மூணு பட்டனை வெச்சு அட்சரேகை மாத்தச் சொல்றதா? பெரியப்பா பாக்குறது வீட்டுச் சுவத்துல தொங்குற காலண்டரை. துல்லியமா கணக்குப் போட்டா அவருக்கு அது தப்பான பதில். அதனால 6 மணியே.

இப்ப டிஸ்ப்ளேக்கு வர்றேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. மணியோட பத்தாம் இடத்துலயும் நிமிஷத்தோட பத்தாம் இடத்துலயும் மேல் கோடும் அடிக் கோடும் ஒரே இணைப்பு. எரிஞ்சா ரெண்டும் எரியும். ஏன்னா அங்க 0 முதல் 5 வரைதான் வரும். 0, 2, 3, 5-க்கு ரெண்டு கோடும் வேணும். 1, 4-க்கு ரெண்டும் வேண்டாம். தனித்தனியா எதுக்குன்னு கேசியோ சேர்த்துட்டாங்க. விநாடி இடத்துல சேர்க்கல, ஸ்டாப்வாட்ச்ல அங்க எல்லா எண்ணும் ஓடணும்.

அந்த வாட்ச்சுக்கு அது கச்சிதமான சுருக்கம். ஆனா நம்ம ஃபேஸ்ல "ராகு காலம் முடிய 78 நிமிஷம்"னு காட்டணும்னா மாட்டிக்கும்: 7-க்கு மேல் கோடு வேணும், அடிக் கோடு வேண்டாம். சென்சார் வாட்ச் ஃபர்ம்வேர் அந்த இடத்துக்கு வேற மாதிரி ஒரு 7 வெச்சிருக்கு, பாக்க விநோதமா இருக்கும். 78-க்குப் பதிலா 1:18-ன்னு காட்டினா பிரச்சினையே இல்ல. அப்படித்தான் வெச்சிருக்கேன்.

டேபிளுக்கு மேல ரெண்டே வரி கமென்ட்: "உதயம் எப்பவும் காலை 6 மணி, காலண்டர் வழக்கம். மீதி நேரம் மணி-நிமிஷமா மட்டும். நிமிஷத்தோட பத்தாம் இடத்துல 7 வராது." கோடை எடுத்து மாத்தப் போறவங்க முதல்ல அதைப் படிச்சிடுங்க. அடுத்த வாரம் பாப்போம்.