பிரமதேசத்துத் தண்ணீர்ப் பந்தல்



இறந்த அரசனை அவன் இறந்த இடத்தைக் கொண்டு அடையாளப்படுத்துவது பழந்தமிழ் வழக்கு. புறநானூற்றைப் பயின்றோர்க்கு அதன் அடிக்குறிப்புகளில் வரும் பெயர்கள் நினைவிருக்கும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி என்று அவை வரிசையாய் நிற்கும. ஒரே பெயரில் பலர் ஆண்டதால் ஒருவனிடமிருந்து மற்றவனைப் பிரித்தறிய இவ்வழக்கு ஏற்பட்டிருக்கலாம். எனினும் வென்ற ஊரைச் சொல்லியும் பிரித்தறியலாமே! கண்மூடிய ஊரையே தெரிந்தெடுத்தனர் என்பது கருதத்தக்கது.

இவ்வழக்குச் சோழர் கல்வெட்டுகளிலும் தொடர்ந்தது. உத்திரமேரூரார்க்குப் பராந்தகன் பெயர் புதியதன்று. குடவோலை முறையைக் கூறும் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவன் காலத்தவை. அந்தப் பராந்தகனின் தந்தை முதலாம் ஆதித்தன் 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' எனப்பட்டான். இன்றைய ஆந்திர மாநிலத்தில், காளத்திக்கு அருகில் உள்ளது அவ்வூர். அங்கே தந்தைக்குப் பள்ளிப்படைக் கோயில் எழுப்பியவன் பராந்தகனே. ஊராட்சிக்குப் பேர்போன கல்வெட்டின் அரசன், தந்தை மறைந்த இடத்தில் கற்றளி எடுத்த மகனுமாவான் என்பதைப் பலர் அறியார். ஆற்றூர்த் துஞ்சிய அரிஞ்சயனுக்கு அவன் பெயரன் முதலாம் இராசராசன் மேல்பாடியில் பள்ளிப்படை எடுத்தான். காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர்நீத்த சுந்தரசோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' ஆனான்.

இனி, சுந்தரசோழனின் பெயரனும் இராசராசனின் மகனுமாகிய முதலாம் இராசேந்திரனுக்கு வருவோம். 1012 முதல் 1044 வரை ஆண்டவன். கங்கை நீர் கொணர்ந்தவன். 1025இல் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்தியவன். அவனைப் பின்வந்த கல்வெட்டுகள் 'பூர்வதேசமும் கங்கையும் கடாரமும் கொண்ட' தேவன் என்றே சுட்டின. கொண்ட நாடுகள் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டன. துஞ்சின ஊர் ஒட்டவில்லை. பழையாறையில் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பள்ளிப்படை எடுத்தவன் அவன். அத்தகையவன் எங்கே மறைந்தான்?

மெய்க்கீர்த்தியில் விடை கிடைக்காது. மெய்க்கீர்த்தி வெற்றியைப் பாடும், மரணத்தைப் பாடாது. விடை கிடைத்தது ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு விட்ட கொடையில்.

உத்திரமேரூரிலிருந்து செய்யாற்றைக் கடந்து வடமேற்கே சென்றால் வரும் ஊர் பிரமதேசம். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று திருவண்ணாமலை மாவட்டம். அங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயிற் கல்வெட்டுகளைக் கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுத்தனர். அவற்றுள் ஒன்று 1915ஆம் ஆண்டுத் தொகுதியில் 260 என்னும் எண் பெற்றது. அது இராசேந்திரனின் மகன் முதலாம் இராசாதிராசனின் 26ஆம் ஆட்சியாண்டினது. இராசாதிராசன் 1018இலேயே முடிசூடித் தந்தையுடன் சேர்ந்து ஆண்டவன் ஆதலின், 26ஆம் ஆண்டென்பது 1044. இராசேந்திரனின் மறைவாண்டை அறுதியிட உதவிய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அக்கல்வெட்டுக் கூறும் செய்தி இது: இராசேந்திரன் மறைந்தபோது அவன் தேவியருள் ஒருத்தியான வீரமாதேவி உடன் உயிர்நீத்து, அவனை அடக்கிய இடத்திலேயே தானும் அடக்கமானாள். அவளுடன் பிறந்தவன் மதுராந்தகன் பரகேசரி வேளான். சோழப் படையின் சேனாபதி. மாண்டாரின் தாகம் தணியும் பொருட்டு அவன் அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தான்.

படைத்தலைவன் ஒருவன் தன் உடன்பிறந்தாளுக்குச் செய்த கடன் இவ்வளவே. கடல்கடந்த படையெடுப்பைப் பற்றி அதில் அவனுக்குச் சொல்ல ஏதுமில்லை. தீயிற் புகுந்தவளுக்குத் தாகம் இருக்கும் என்று அவன் எண்ணினான் போலும். உடன்கட்டையைப் புகழ்ந்தெழுதிய கல்வெட்டுகள் உண்டு. சுந்தரசோழனுடன் இறந்த வானவன்மாதேவி பால்குடி மாறாத மகவை விட்டு நீங்கினாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டுப் பாராட்டிப் பேசும். பிரமதேசத்து உடன்பிறந்தான் பாராட்டவில்லை, தண்ணீர் வைத்தான். வீரமாதேவி விரும்பித்தான் சென்றாளா என்பதற்குக் கல்லில் விடையில்லை. அவள் விருப்பத்தைப் பின்வந்தோர் அளந்து புகழ்வது தகாது.

பேரரசரின் முடிவு சிறியோர் எழுதிவைத்த மூலையில் கிடைப்பதற்கு இதனினும் வியப்பான சான்று ஒன்றுண்டு. பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே வீழ்ந்தான், 'ஆனைமேற்றுஞ்சினார்' எனப்பட்டான். அவனைப் பூதுகன் என்னும் கங்க மன்னன் கொன்ற செய்தியைக் கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு தருகிறது. அது யாருக்கு நட்ட கல்? காட்டுப்பன்றியோடு பொருது இறந்த 'காளி' என்னும் வேட்டை நாய்க்கு! நாயின் நடுகல்லில் சோழ இளவரசனின் மரணம் பதிவாயிற்று.

இடந்தேடுவோர் எச்சரிக்கையாய் இருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பிரமதேசம் என்பது ஓரூரின் பெயர் மட்டுமன்று. பிராமணர்க்கு இறையிலியாக விட்ட ஊர்களுக்குரிய பொதுப்பெயர். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்துக்கு அருகிலும் ஒரு பிரமதேசம் உண்டு; நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரத்தை அடுத்தும் உண்டு. எண்ணாயிரம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி நடந்த ஊர். ஆகவே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போவோர் அவ்வூரையே அவன் அடக்கமான ஊராகக் கொள்ள இடமுண்டு. கல்வெட்டு எந்தக் கோயிற் சுவரில் உள்ளதோ அதுவே வழிகாட்டி. பெயர் ஒற்றுமை வழிகாட்டியன்று.

இராசராசன் செய்தியில் இச்சிக்கல் இன்னும் பெரிது. கும்பகோணத்தை அடுத்த உடையாளூரில் அவன் அடக்கமானான் என்று பலர் நம்புகின்றனர். அவ்வூர்ப் பால்குளத்தம்மன் கோயிற் கல்வெட்டு 1112ஆம் ஆண்டினது. முதலாம் குலோத்துங்கன் காலத்தது. சிவபாதசேகரன் என்னும் பட்டம் பெற்ற இராசராசனின் பெயரால் அமைந்த திருமாளிகையின் முன்மண்டபம் பழுதுபார்க்கப்பட்டதை அது கூறுகிறது. திருமாளிகை வேறு, பள்ளிப்படை வேறு. 2019இல் வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்று, ஆய்வு செய்ய ஆணையும் பிறந்தது. அன்பு மிகுதியால் ஒரு சொல்லுக்கு இல்லாத பொருளை ஏற்றிவிடுவது எளிது. பிரமதேசத்துக் கல்வெட்டோ அடக்கத்தையே நேராகச் சொல்கிறது. அதனால்தான் அதன் மதிப்பு உயர்ந்தது.

இலக்கியம் பயில்வோர் மெய்க்கீர்த்தியை அதன் நடைக்காகப் படித்து, பின்வரும் கொடைப் பகுதியைக் 'கணக்கு' என்று தள்ளிவிடுவதுண்டு. குழி, மா, கழஞ்சு, நாழி என்று போகும் அப்பகுதி சலிப்பூட்டுவது உண்மையே. ஆனால் வேளானின் குரல் அங்கேதான் இருக்கிறது. திருப்பணி என்னும் பெயரால் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவோரும் மணல்வீச்சால் கல்லைச் சுரண்டுவோரும் முதலில் அழிப்பது சுவரோரத்தில் நெருக்கி வெட்டிய இத்தகைய சிற்றெழுத்துகளையே. மெய்க்கீர்த்தி பத்து ஊர்களில் இருக்கும். ஒன்று போனால் மற்றொன்றில் படித்துக்கொள்ளலாம். தண்ணீர்ப் பந்தல் வைத்த செய்திக்கு மறுபடி கிடையாது.

உத்திரமேரூருக்கே பிற்காலத்தில் 'இராசேந்திரசோழச் சதுர்வேதிமங்கலம்' என்னும் பெயர் வழங்கிற்று. அப்பெயருக்குரியவன் கண்மூடிய ஊர் செய்யாற்றுக்கு அப்பால், காலையில் புறப்பட்டால் உச்சிப் பொழுதுக்குள் திரும்பிவிடும் தொலைவில்தான் இருக்கிறது.