பேறுகால இரத்த அழுத்தம்: அளவீடும் நேரமும்

கர்ப்பத்தின் பிற்பகுதியில் தோன்றும் உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் ஓசையின்றி வருவது. வயல் வேலை முடித்து வீடு திரும்பும் தாய்க்குத் தலைவலியோ மயக்கமோ இல்லாதிருக்கலாம். அளவுக் கருவி ஒன்றே அதனை வெளிப்படுத்தும். எனவே, இந்நோயைக் கையாள்வதில் மருந்துக்கும் முற்பட்டது அளவீடு.

தாயை ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுக்கச் செய்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, கையின் பருமனுக்கேற்ற பட்டையைக் கட்டி அளத்தல் வேண்டும். 20 வாரங்களுக்குப் பின் அளவு 140/90-ஐ எட்டினால், சில மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து உறுதி செய்யவேண்டும். அத்துடன் சிறுநீரில் புரதமோ, கடும் தலைவலியோ, பார்வை மங்கலோ, மேல்வயிற்று வலியோ காணப்பட்டால், வலிப்புக்கு முந்திய நிலை எனக் கருதுதல் தகும். 160/110 என்பது அவசர நிலை. கால் மணி நேரத்தில் மறுபடி அளந்து, தாமதமின்றிச் சிகிச்சை தொடங்கவேண்டும்.

ஆயினும் அழுத்தத்தைத் திடீரென வீழ்த்துவதும் தீங்கே. நஞ்சின் வழியே குழந்தைக்குச் செல்லும் இரத்தம் தாயின் அழுத்தத்தைச் சார்ந்தது. ஆதலின், அவசர நிலையில் 140-150/90-100 என்னும் எல்லைக்குப் படிப்படியாகக் கொணர்தலே முறை. எனலாப்ரில் போன்ற மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுப்பதால் விலக்கத்தக்கவை.

வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கு நாகபுரியில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு நம்பிக்கை அளிக்கிறது. வாய்வழியாகத் தரப்பட்ட நிபெடிபின், லேபெடலால், மெத்தில்டோபா ஆகிய மூன்றில் எதனைப் பெற்றவர்களிலும், நான்கில் மூன்று பங்கினருக்குக் குறையாமல் ஆறு மணி நேரத்திற்குள் அழுத்தம் கட்டுப்பட்டது.

வலிப்பைத் தடுப்பது வேறு பணி. அதற்குரியது மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் நடைபெற்று 2002-இல் வெளியான 'மேக்பை' ஆய்வு, அம்மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைத் துணைச் செவிலியரே போடுவதற்கு நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் இடமளிக்கின்றன. ஊசி மருந்து கையிருப்பில் இல்லையெனில் இவ்வனுமதியால் பயனில்லை.

மருந்துகள் காலத்தை ஈட்டித் தருவனவே. நோயை நீக்குவது பிரசவம். 37 வாரம் நிறைந்தபின் காத்திருத்தல் பொருந்தாது. நிலை கடுமையாயின் அதற்கும் முன்னரே முடிவெடுக்க நேரும். பிரசவத்திற்குப் பிந்திய முதல் வாரத்திலும் அழுத்தம் ஏறி வலிப்பு வரக்கூடும். வீடு திரும்பிய தாயையும் சென்று அளத்தல் கடமையாகும்.

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் மாதந்தோறும் 9-ஆம் நாள் பரிசோதனை நடைபெறுகிறது. ஏனைய நாட்களிலும் பழுதற்ற கருவி, கையிருப்பில் மருந்து, அழைத்தவுடன் வரும் ஊர்தி ஆகிய மூன்றையும் உறுதி செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. இவற்றுள் ஒன்று தவறினும், காக்கத்தக்க உயிர் வழியிலேயே இழக்கப்படும்.