அந்நிய பாஷையும் அயலார் எண்ணமும்

அரியலூரை அடுத்த ஏலாக்குறிச்சியைக் கவிஞர் மறவார். தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய ஊர் அது. கிறித்துவத் தமிழ் என்றதும் அக்காவியம் நினைவில் எழுகிறது. பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களில் ஓட்டுக் கூரையின்கீழ்க் கூடும் பெந்தெகொஸ்தே சபைகளையோ 'அல்லேலூயாக்காரர்' என நகைத்துக் கடந்துவிடுகிறோம்.

அச்சபையில் வளரும் சிறுமிக்குப் பொட்டில்லை, பூவில்லை, தோடில்லை. "வீட்டில் துக்கமா?" என்று பள்ளியில் கேட்கின்றனர். நகை துறத்தல் எல்லாச் சபைக்கும் பொதுவன்று; சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் மரபில் கண்டிப்பு, வேறு பலவற்றில் தளர்வு. மருந்தே உண்ணார் என்பதும் அத்தகையதே.

"அமெரிக்கர் மதம்" என்பது அடுத்த பழி. லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசாத் தெரு எழுப்புதல் 1906இல் நிகழ்ந்தது. அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகள் முன்னரே, 1860இல், திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்னும் தமிழ் உபதேசியார் முன்னின்ற எழுப்புதலில் அந்நிய பாஷை பேசினர் என்பது பதிவு. ரேனியஸிடம் பயின்றவர் அவர்.

அந்நிய பாஷை வெறும் பிதற்றல் என்போர் உளர். சொல்லுக்கு அடங்காத வேண்டுதல் என்பது அவர்தம் நம்பிக்கை. பொருள் சொல்வார் இல்லையேல் சபையில் அமைதியாயிரு என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதினார். சொல்லுக்கு அப்பாலுள்ளதைத் தேடும் கவிஞர் இதை நகைப்பது எனக்கு விளங்கவில்லை.

சபையில் அன்றாடம் ஒலிப்பதோ தமிழே. வெங்காயக் காட்டில் கூலிக்குப் போகும் பெண், வேறெந்த மேடையிலும் வாய் திறவாதவள், எழுந்து சாட்சி சொல்கிறாள்: பிள்ளையின் காய்ச்சல், கந்துக் கடன், கணவனின் குடி. எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது என்பதை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. பாயில் அமர்ந்திருக்கும் அச்சிறுமி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.