சீட்டில் எழுதாத நோய்



அரியலூர்னா சிமெண்ட் ஆலை, பெரம்பலூர்னா கல்குவாரி. இந்த ரெண்டுலயும் கூலிக்காக நாம பேசியிருக்கோம். கூலியோட சேர்த்து வீட்டுக்கு எடுத்துட்டு வர்ற தூசியைப் பற்றி இன்று பேசுவோம்.

சிமெண்ட் தூசி தோலை அரிக்கும், மூச்சை இழுக்கும். கருங்கல் தூசி அதைவிடக் கொடியது. அதில் சிலிக்கா இருக்கிறது. துளை போடும்போதும் கிரஷரில் அரைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பொடியாக நுரையீரலில் தங்கி, அதைத் தழும்பேற்றி இறுக்கிவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் முற்றும். முகத்துல கட்டுற துண்டு இதைத் தடுக்காது. தண்ணி அடிச்சுத் துளை போடணும், கிரஷரை மூடணும், தூசியை உறிஞ்சி எடுக்கணும். அது முதலாளி செலவு. துண்டு நம்ம செலவு.

இருமலோட ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன நடக்குது? எக்ஸ்ரேயில் இது காசநோய் போலவே தெரியலாம். சிலிக்கா ஏறிய நுரையீரலைக் காசநோயும் சுலபமாகப் பிடிக்கும். சீட்டுல 'காசநோய்'னு மட்டும் எழுதினா, 'சேரிக்காரன், குடிச்சுக் கெட்டான்' என்று பழி நம்ம மேல. சிலிக்கோசிஸ் என்று எழுதினால் அது தொழில்நோய், நஷ்டஈடு கேட்கலாம். ஒரு வார்த்தை மாறினால் பொறுப்பாளி மாறுகிறான்.

தொழில்நோயைக் கண்ட மருத்துவர் அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் சொல்கிறது. எழுத வைப்பது யார்?

குஜராத்தில் கோத்ரா பக்கம் கல் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்து இறந்தவர்கள் மத்தியப் பிரதேச ஆதிவாசிகள். அவர்களில் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்க 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னார் இங்கே வேலை செய்தார், இதனால் செத்தார் என்று ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்ததால்தான் வழக்கு நின்றது.

அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தை நேரில் போய்ப் பார்த்தார். நமக்குக் குவாரி பக்கத்திலேயே இருக்கு.

படிச்ச பிள்ளைங்களுக்கு ஒரு வேலை. தெருவுக்கு ஒரு நோட்டு போடுங்க. யார், எந்த கிரஷர், எந்தக் கான்ட்ராக்டர், எத்தனை வருஷம், எப்ப இருமல் ஆரம்பிச்சுதுன்னு எழுதுங்க. அவங்களோட ஆஸ்பத்திரிக்குப் போங்க. என்ன வேலை செய்றாங்க என்பதைச் சீட்டுல எழுதச் சொல்லுங்க. எழுதுற வரைக்கும் எழுந்து வராதீங்க.