கேள்வியின் சொல்லும் நெஞ்சின் நோயும்

(தோட்ட மண்டபமொன்றில் ஞாயிறு மாலை ஆற்றப்பட்ட உரை)



வாரம் முழுவதும் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிவிட்டு, கிடைத்த ஒரு ஞாயிறு மாலையையும் நமக்குக் கொடுத்து இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ஆகையால் முகமன் உரைகளை நீட்டாமல் பொருளுக்கு வருகிறோம்.

இதய நோயைப் பற்றி இம்மண்டபத்தில் முன்பும் பலர் பேசியிருக்கக்கூடும். புகை பிடிக்காதீர், உப்பைக் குறைப்பீர், எண்ணெயில் பொரித்ததைத் தவிர்ப்பீர் என்பன நீங்கள் கேட்டுப் பழகியவை. இன்று நாம் எடுத்துக்கொண்டது வேறொன்று. சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வருவோர் வீட்டு வாசலில் தாளை விரித்து வைத்துக்கொண்டு, உறக்கம் எப்படி, கவலை உண்டா, கோபம் வருமா என்று கேட்கிறார்கள் அல்லவா? அந்தக் கேள்விகளில் உள்ள சொற்களைப் பற்றியே பேசப்போகிறோம். சொல்லில் என்ன இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டா. நமக்கே நேர்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில், கணக்கெடுப்புக் குழுவொன்றுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் பணி நமக்கு வாய்த்தது. தாள் மலாய் மொழியில் இருந்தது. மனம் நெருக்கடிக்கு உள்ளாகியிருக்கிறதா என்ற பொருளில் அமைந்த ஒரு வினாவை நாம், "உங்களுக்கு அழுத்தம் உண்டா?" என்று சுருக்கிக் கேட்டுவிட்டோம். பெரியவர் ஒருவர், "இருக்குதுங்கய்யா, கிளினிக்குல மாத்திரை குடுத்திருக்காங்க, ராத்திரிக்கு ஒண்ணு" என்றார். எழுதுபவர் 'ஆம்' என்ற கட்டத்தில் கோடிட்டார். மூன்று வீடுகள் கடந்த பின்னரே நமக்கு உறைத்தது. அவர் சொன்னது இரத்த அழுத்தம். திரும்பிச் சென்று விளக்கிக் கேட்டபோது, மனத்தில் ஒரு குறையும் இல்லை, பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறேன் என்று சிரித்தார். பிழை அவருடையதன்று; பள்ளிக்கூடத்தில் பல ஆண்டுகள் வினாத்தாள் எழுதிப் பழகிய நம்முடையது. வகுப்பில் பாதிப் பேர் ஒரே தவற்றை எழுதியிருந்தால், பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன் வினாவை மறுபடியும் படித்துப் பார் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலேயே நமக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ஒரு துளி இரத்தம் போதும். மனத்தின் சுமையை அளக்க அப்படியொரு கருவி எவரிடமும் இல்லை. கேள்வியே அங்குக் கருவி. தராசின் தட்டில் மண் ஒட்டியிருந்தால் பால் நிறுவையில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

மனச்சுமைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டா என்று உலக அளவில் பார்த்த ஆராய்ச்சிகளுள் இன்டர்ஹார்ட் என்பது பெரியது. அதன் முடிவுகள் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தன. 52 நாடுகளில், முதன்முறை மாரடைப்புக் கண்ட 11,119 பேரும், அந்நோய் இல்லாத 13,648 பேரும் வினவப்பட்டார்கள். அவ்வாராய்ச்சியாளர்கள் மன நெருக்கடி உண்டா என்று மொட்டையாகக் கேட்டு நிறுத்தவில்லை. வேலையினாலோ வீட்டு நிலைமையினாலோ எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை இவை ஏற்பட்டனவா என்று பொருளை உடைத்துச் சொல்லி, ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து எப்போதும் உண்டு என்பது வரை நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். எப்போதும் உண்டு என்றவர்களின் பங்கு நோயாளிகளிடையே தெளிவாக மிகுந்திருந்தது. ஆயினும் இதில் ஓர் ஐயத்துக்கு இடமுண்டு. நோய் வந்த பின் கேட்ட கேள்வி இது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவர், நமக்கு ஏன் இப்படி வந்தது என்று காரணம் தேடிக்கொண்டிருப்பார். சாதாரண நாளில் மறந்துபோயிருக்கும் சச்சரவும் அப்போது பெரிதாகத் தோன்றும்.

நோய் வருமுன்பே கேட்டுவைத்துக் காத்திருந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து இதய மருத்துவர்களான பிரீட்மன், ரோசன்மன் என்ற இருவர், எந்நேரமும் பரபரப்பும் போட்டி மனப்பான்மையும் முன்கோபமும் உடையவர்களுக்கு மாரடைப்பு மிகுதி என்று 1959இல் எழுதினார்கள். பின்னர் கலிபோர்னியாவில் 39 முதல் 59 வயது வரையான 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் கவனித்தபோது, அத்தகையோருக்கு நோய் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அவர்கள் அளந்த முறை வேடிக்கையானது. நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். சில வேளை வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் கேட்பார்கள். கேள்வி முடியுமுன் குறுக்கிட்டு விடை சொல்கிறாரா, குரல் உயர்கிறதா, முகம் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். என்ன சொன்னார் என்பதைவிட எப்படிச் சொன்னார் என்பதற்கே மதிப்பெண்.

ஆனால் ஆயிரக்கணக்கானோரை இப்படி அமர்த்திப் பேச ஆளும் பொழுதும் வேண்டும். ஆகவே அதே குணத்தை அளப்பதற்கென்று ஜென்கின்ஸ் என்பார் பெயரால் வழங்கும் அச்சிட்ட கேள்வித்தாள் வந்தது. நீங்கள் மிக விரைவாகச் சாப்பிடுகிறீர்கள் என்று வீட்டார் சொன்னதுண்டா என்பது போன்ற கேள்விகள் அதில் இருந்தன. அலுவலக நாற்காலியில் இருப்பவர் விரைந்து உண்டால் அது அவருடைய குணமாக இருக்கலாம். வெட்டு முடிந்து பால் எடுப்பதற்கு இடைப்பட்ட சிறு பொழுதில் பசியாறும் தொழிலாளி விரைந்து உண்டால் அது குணமா, தொழிலா? தாளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நேர்முறையில் பரபரப்பானவர் எனப்பட்ட ஒருவரைத் தாள் அமைதியானவர் என்று காட்டியதும், மறுதலையாகக் காட்டியதும் பலமுறை நிகழ்ந்தன. 1985இல் முடிவு வெளியிட்ட மற்றொரு பெரிய அமெரிக்க ஆய்வு இரு முறைகளாலும் அளந்து பார்த்தும் மாரடைப்புடன் தொடர்பைக் காணவில்லை. இவ்விடத்தில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இந்தக் குண ஆராய்ச்சிக்குப் புகையிலை நிறுவனங்கள் பல ஆண்டுகள் பணம் கொடுத்துவந்தன என்பது பிற்காலத்தில் அவற்றின் சொந்த ஆவணங்களிலிருந்தே வெளிப்பட்டது. பழியைச் சிகரெட்டிலிருந்து எடுத்துக் குணத்தின்மேல் வைப்பது அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

இனி ஆசிரியர்களைப் பற்றிய ஒரு செய்தி. நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவராதலால் விரும்பிச் சொல்கிறோம். 1954இல் குக், மெட்லி என்ற இருவர் ஐம்பது கூற்றுகளைத் தொகுத்து, சரி அல்லது தவறு என்று விடை எழுதும்படி ஒரு தாள் அமைத்தார்கள். மாணவர்களோடு இணக்கமாகப் பழகும் ஆசிரியர் யார், பழகாதவர் யார் என்று அறிவதே அதன் நோக்கம். பிற்காலத்தில் இதே தாளை இதய நோய் ஆராய்ச்சியாளர்கள் பகைமையுணர்வை அளக்க எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் மருத்துவம் படித்த காலத்தில் இதற்கு விடை எழுதிய 255 பேரை 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பகைமை மதிப்பெண் மிகுந்தோருக்கு இதய நோய் மிகுந்திருந்ததாக 1983இல் எழுதினார்கள்.

அந்த ஐம்பதில் ஒன்று, தம்மைவிடக் குறைவாக அறிந்தவரிடம் அடிக்கடி கட்டளை பெற நேர்ந்தது என்னும் பொருளுடையது. சரி என்று எழுதினால் பகைமைக்கு ஒரு மதிப்பெண் கூடும். ஒரு மருத்துவ மாணவர் இதைச் சரி என்றால் செருக்கு என்று கொள்ளலாம். முப்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர், பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி போகலாம் என்பதை விரல் நுனியில் வைத்திருப்பவர், நேற்று வந்த ஒருவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். அவர் சரி என்று சொன்னால் அது பகைமையா? நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். வருமானம் குறைந்தவர்கள் இத்தகைய தாள்களில் மிகுந்த மதிப்பெண் பெறுவது கண்டறியப்பட்டிருக்கிறது. அவர்களுடைய மனம் கசந்திருக்கிறதா, வாழ்வு கடினமாயிருக்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்லத் தாளால் இயலாது என்பதே நம் கருத்து.

மன நெருக்கடி என்பது பெரிய பதவியில் உள்ளோரின் நோய் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இலண்டனில் 17,000க்கு மேற்பட்ட அரசாங்க ஊழியர்களைக் கவனித்து 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானதைக் காட்டியது. கடைநிலையில் இருந்த ஏவலர்கள் இதய நோயால் இறந்த விகிதம், உயர் நிருவாகிகளைப் போல் 3.6 மடங்கு. ஆனால் நெருக்கடி உண்டா என்று வாய்விட்டுக் கேட்டால் விடை எப்படி வருகிறது? ஸ்காட்லாந்தில் 5,606 ஆண் ஊழியர்களைப் பற்றி 2002இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். நெருக்கடி மிகுதி என்று சொன்னவர்களுள் மேல்நிலையில் இருந்தோரே மிகுந்திருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களே நெஞ்சு வலி உண்டு என்றும் மிகுதியாகச் சொன்னார்கள். ஆனால் இறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது, இதய நோயால் அவர்கள் மிகுதியாக இறந்திருக்கவில்லை. குறையைச் சொல்லிப் பழகியவர் எல்லாக் குறைகளையும் சொல்வார். பழகாதவர், "என்ன செய்வது, பிழைப்பு இப்படித்தான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அவருடைய சுமை தாளில் ஏறாது.

ஆகவேதான் சில ஆய்வாளர்கள் உணர்வைக் கேட்பதை விட்டு நிலைமையைக் கேட்கத் தொடங்கினார்கள். வேலை மிகக் கடுமையா, வேகத்தை நீங்களே தீர்மானிக்க முடியுமா என்று கேட்பது கராசெக் என்பார் 1979இல் வகுத்த முறை. வேலைப் பளு மிகுந்து, அதன்மேல் தம் அதிகாரம் குறைந்தோரை இம்முறை தனியே பிரிக்கிறது. ஐரோப்பாவில் 1,97,473 பேரின் விவரங்களைச் சேர்த்து 2012இல் பார்த்தபோது, அத்தகையோருக்கு இதய நோய் நூற்றுக்கு 23 பங்கு கூடுதலாக இருந்தது. புகை பிடிப்பதன் தீங்கோடு ஒப்பிட்டால் இது சிறிது; ஆயினும் இல்லை என்று தள்ளத்தக்கதன்று.

நம் நாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2015இல், வயது வந்தோரில் நூற்றுக்கு 29.2 பேருக்கு மனநலச் சிக்கல் இருக்கலாம் என்றது. 2019இல் அதே அமைச்சின் ஆய்வு நூற்றுக்கு 2.3 பேருக்கு மனச்சோர்வு என்றது. நான்கு ஆண்டுகளில் நாட்டு மக்கள் திடீரென மகிழ்ச்சியில் திளைத்துவிட்டார்களா? இல்லை, தாள் மாறிவிட்டது. முன்னது பொதுவான மனத்துன்பத்தை 12 கேள்விகளால் அளப்பது. பின்னது மனச்சோர்வு என்னும் நோயை மட்டும் 9 கேள்விகளால் அளப்பது. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் அவ்வாறு இருந்தது என்று அது கேட்கும். இரண்டும் அவற்றின் அளவில் சரியே; ஒன்றை எடுத்து மற்றொன்றின்மேல் வைத்து ஒப்பிடுவதுதான் தவறு.

அந்த 12 கேள்வித் தாளில் 'வழக்கத்தைவிட' என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. வழக்கத்தைவிட உறக்கம் குறைந்ததா என்று கேட்டால், கணவனை இழந்து பத்து ஆண்டுகளாகச் சரியாக உறங்காத ஒரு தாய், "வழக்கம் போலத்தான்" என்பார். தாள் அவரை நலமுள்ளவர் என்று எழுதிக்கொள்ளும். போன வாரம் மட்டும் உறக்கம் கெட்ட இளைஞரை நலமற்றவர் என்று எழுதிக்கொள்ளும். இதைப் படித்தபோது நமக்கு வருத்தமாக இருந்தது.

நம் மொழியின் இயல்பும் இதில் சேர்கிறது. "உங்களுக்கு உறக்கம் வருவதில்லையா?" என்றால் நாம் "ஆமாம்" என்போம், வருவதில்லை என்பது பொருள். ஆங்கில வழக்கில் அதற்கு 'நோ' என்பார்கள். அவசரத்தில் எழுதுபவர் எதைக் குறிப்பார் என்று சொல்ல முடியாது. வீட்டு வரிசையில் அடுத்த வீட்டார் கேட்டுக்கொண்டிருக்க, மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் நிம்மதி உண்டா என்று மாமியாரைக் கேட்டால் என்ன விடை வரும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட 'நெஞ்சு' என்னும் சொல்லே நம்மைக் குழப்புவது. தமிழில் நெஞ்சு மார்பும் ஆகும், மனமும் ஆகும். நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் மகனை நினைத்துச் சொல்கிறாரா, இதயக் குழாயைச் சொல்கிறாரா? நாம் அறிந்த ஒரு தோட்டத்தில், மேட்டு நிரையில் வெட்டும் ஓர் அம்மையாரிடம் நெஞ்சு வலி உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு இருந்தது வலி அன்று. கூட வந்திருந்த தாதி, "மேடு ஏறும்போது நெஞ்சில் என்ன செய்யும்?" என்று மாற்றிக் கேட்டார். "அடைக்கும்மா, கல்ல வச்ச மாதிரி. வாளிய எறக்கி வச்சிட்டு நின்னா போயிரும்" என்றார். மகன் வேலை தேடிப் பட்டணம் போன கவலை என்று அக்கம்பக்கத்தார் சொல்லியிருந்தார்கள்; அவரும் அப்படியே நம்பியிருந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது இதயக் குழாயில் அடைப்பு இருந்தது. அவர் சிகிச்சை பெற்று நலமாக இருக்கிறார்.

ஆங்கில மருத்துவர் ஜெப்ரி ரோஸ் என்பவர் 1962இல் வகுத்த கேள்வித்தாள் இக்காரணத்தால்தான் வலியோ வேறு தொந்தரவோ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது; மேடு ஏறும்போதா, விரைந்து நடக்கும்போதா, நின்றால் பத்து நிமிடத்துக்குள் போய்விடுகிறதா என்று தொடர்ந்து கேட்கிறது.

ஆகையால், கேள்வி கேட்போர் உங்கள் வீட்டுக்கு வரும்போது புரியாத சொல்லுக்கு மரியாதைக்காக ஆமாம் சொல்லிவிடாதீர்கள். "எந்த அழுத்தத்தைக் கேட்கிறீர்கள்? வேறு விதமாகக் கேளுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. தனியே பேச வேண்டும் என்றாலும் கேட்கலாம். வலி என்ற சொல் பொருந்தாவிட்டால் அடைப்பு, எரிச்சல், இறுக்கம், மூச்சு முட்டல் என்று உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள்.

வாசலருகே மேசையில் சுகாதார ஊழியர் இருவர் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு காத்திருக்கிறார்கள். மேட்டு நிரையில் வெட்டுகிறவர்கள் முதலில் செல்லலாம். நமக்கு நேரம் இருக்கிறது. கேள்வி உடையோர் இப்போது கேட்கலாம்.